திருவாரூர் மாவட்ட உழவரும் நெல் சந்தையும்

உழவர் படும் இன்னல்களைக் குறித்து எழுதுவோரும் பேசுவோரும் பெரும்பாலும் விலையிலேயே தொடங்கி விலையிலேயே முடிக்கின்றனர். விளைபொருளுக்குக் கட்டுப்படியாகும் விலையை அரசு அறிவித்து, அவ்விலைக்கு வாங்கவும் முன்வந்துவிட்டால், சிக்கலின் பெரும்பகுதி தீர்ந்துவிடும் என்பது அவர்தம் எண்ணம். இவ்வெண்ணம் எவ்வளவு தூரம் உண்மையானது என்பதைச் சோதித்து அறியத் திருவாரூர் மாவட்டம் மிகப் பொருத்தமான இடமாகும். தக்காளியோ வெங்காயமோ பயிரிடுவோருக்கு இல்லாத இரண்டு வசதிகள் இங்குள்ள நெல் உழவருக்கு உண்டு. நாற்று விடும்போதே நெல்லின் விலை அவருக்குத் தெரியும்; அறுத்த நெல்லை வாங்குவதற்கு அரசின் கொள்முதல் நிலையம் சில மைல் தொலைவிலேயே இருக்கும்.

2025-26ஆம் பருவத்திற்கு மத்திய அரசு பொது ரக நெல்லுக்குக் குவிண்டாலுக்கு 2,369 ரூபாயும் சன்ன ரகத்திற்கு 2,389 ரூபாயும் குறைந்தபட்ச ஆதரவு விலையாக அறிவித்தது. தமிழக அரசு அவற்றோடு முறையே 131 ரூபாயும் 156 ரூபாயும் ஊக்கத்தொகையாகச் சேர்த்து, 2,500 ரூபாய், 2,545 ரூபாய் என ஆக்கியது. அதாவது, 40 கிலோ கொண்ட ஒரு சிப்பம் பொது ரக நெல்லுக்குச் சரியாக 1,000 ரூபாய். முந்தின பருவத்தின் விலை 2,405 ரூபாயாகவும் 2,450 ரூபாயாகவும் இருந்ததை நோக்க, இது குறிப்பிடத்தக்க உயர்வே. ஆயினும் அதே 2025 அக்டோபரில், டெல்டா மாவட்டங்களின் சாலையோரங்களில் நெற்குவியல்கள் தார்ப்பாய்க்கு அடியில் நனைந்து முளைவிட்டுக் கிடந்ததை நாடே செய்தித்தாள்களில் கண்டது. விலை உயர்ந்த ஆண்டிலேயே உழவர் வீதியில் நின்றது எதனால்?

இக்கட்டுரை கூற விழைவது ஒன்றே. அறிவிக்கப்பட்ட விலை, காத்திருக்க இயன்றவருக்கே கிடைக்கும் விலையாக இருக்கின்றது. களமும் கொட்டகையும் கைப்பணமும் உடையவர் பத்து நாள், பதினைந்து நாள் பொறுத்து அவ்விலையைப் பெறுகிறார். அவை இல்லாத சிறு உழவரும் குத்தகைக்காரரும் அவ்விலைக்கும் கீழே, கிடைத்த விலைக்கு விற்கின்றனர். எனவே சந்தையில் சிறு உழவருக்கு முதலில் குறைவுபடுவது காலமே என்பதை இம்மாவட்டத்தின் நிலைமைகளைக் கொண்டு காண்போம்.

நீர் வரும் நாளும் மழை வரும் நாளும்

1997இல் தனி மாவட்டமான திருவாரூர், பழைய தஞ்சைத் தரணியின் கிழக்குப் பகுதியாகும். கல்லணையிலிருந்து வரும் வெண்ணாறு, நீடாமங்கலத்தை அடுத்த மூணாறு தலைப்பில் பிரிந்து, கோரையாறு, பாமணியாறு முதலிய கிளைகளாக மன்னார்குடி, திருத்துறைப்பூண்டிப் பகுதிகளில் பாய்ந்து முத்துப்பேட்டைக் கடலோரத்தை நோக்கிச் செல்கிறது. நிலம் தட்டையானது. நீர் கடைசியாக வந்து சேர்வதும், மழைக்காலத்தில் கடைசியாக வடிவதும் இங்கேதான். மேற்கிலும் வடக்கிலும் உள்ள நீடாமங்கலம், வலங்கைமான், குடவாசல் வட்டாரங்களில் ஆழ்குழாய்க் கிணற்றின் துணையோடு குறுவை பயிரிட இயலும். திருத்துறைப்பூண்டி, முத்துப்பேட்டைப் பக்கம் நிலத்தடி நீர் உவர்ப்பாகையால், ஆற்று நீரையும் மழையையும் நம்பிச் சம்பா ஒருபோகத்தோடு நின்றுவிடும் ஊர்கள் பல.

மேட்டூர் அணை பாசனத்திற்குத் திறக்கப்பட வேண்டிய வழக்கமான நாள் சூன் 12. 2012 முதல் 2019 வரை எட்டு ஆண்டுகள் அந்நாளில் அணை திறக்கப்படவில்லை. 2020, 2021 ஆகிய ஆண்டுகளில் உரிய நாளிலும், 2022இல் முன்கூட்டியே மே 24ஆம் நாளிலும், 2023இல் மீண்டும் சூன் 12இலும், 2024இல் காலந்தாழ்ந்து சூலை 28இலும், 2025இல் சூன் 12இலும் திறக்கப்பட்டது. இப்பட்டியலை மேலோட்டமாகப் பார்ப்போர், உரிய நாளில் நீர் திறந்த ஆண்டுகள் நல்ல ஆண்டுகள் என்று கருதக்கூடும். 2023 அதற்கு மாறான சான்றாகும். நாள் தவறாமல் திறந்தும், கருநாடகத்திலிருந்து வரவேண்டிய நீர் வாராமையால் அக்டோபர் 10ஆம் நாள் அணை மூடப்பட்டது. கடைமடைக் குறுவை வயல்கள் கதிர் பிடிக்கும் நேரத்தில் காய்ந்தன. அவ்வாண்டு அரசு அறிவித்த நிவாரணம் எக்டருக்கு 13,500 ரூபாய். ஏக்கர்க் கணக்கில் இது ஏறக்குறைய 5,460 ரூபாய் ஆகும்.

ஆனால் இக்கட்டுரையின் பொருள் நீரன்று; நீர் கிடைத்துப் பயிர் விளைந்த பின் நிகழ்வதே நம் பொருள். சூன் மாதத்தில் நீர் வந்து நடப்படும் குறுவை, செப்டம்பர் கடைசியிலும் அக்டோபரிலும் அறுவடைக்கு வருகிறது. வடகிழக்குப் பருவமழை தொடங்குவதும் அக்டோபரில்தான். ஆக, நீர் உரிய நாளில் வந்து குறுவைப் பரப்பு பெருகும் ஆண்டில், மிகுதியான நெல் மழையின் வாய்க்குள் அறுக்கப்படுகிறது. 2025இல் நிகழ்ந்தது இதுவே. பயிர் பொய்த்ததால் வந்த துன்பம் 2023இல். பயிர் நன்றாக விளைந்ததால் வந்த துன்பம் 2025இல். பிந்தியதைப் புரிந்துகொள்வது கடினமாகையால் அதனையே விரிவாக நோக்க வேண்டியுள்ளது.

அறுவடை இயந்திரம் செய்த மாற்றம்

ஒரு தலைமுறைக்கு முன் நெல் அறுப்பு கைவேலையாக இருந்தது. ஒரு வேலி நிலம் உடையவர் அறுப்பை முடிக்கப் பல நாள் ஆகும். அறுத்த தாள் வயலில் கிடந்து காயும், கட்டாகக் களத்திற்கு வந்து அடிக்கப்படும், தூற்றப்படும், போராக அடுக்கியும் வைப்பார்கள். இவையெல்லாம் நடந்து முடிவதற்குள் நெல்லின் ஈரம் தானே குறைந்துவிடும். ஓர் ஊரின் நெல் ஒரே நாளில் சந்தைக்கு வருவதும் இல்லை. இம்முறையைப் பொற்காலம் என்று பாராட்டுவதற்கில்லை. அறுப்புக் கூலியாகக் கொடுக்கும் நெல்லின் அளவைப் பற்றிய பூசல்தான் 1968 டிசம்பர் 25 இரவில் பக்கத்து வெண்மணியில் 44 பேர் உயிரோடு எரிக்கப்பட்ட கொடுமைக்கு முன்னோடியாக இருந்தது. கைவேலையின் மெதுவான நடைக்குள் எத்தனை கொடுமை அடங்கியிருந்தது என்பதை நாம் மறந்துவிடலாகாது. எனினும் அந்த மெதுவான நடை, நெல் உலர்வதற்கான காலத்தையும் தனக்குள் கொண்டிருந்தது.

இன்று அந்த இடத்தை இயந்திரம் பிடித்துள்ளது. ஈர வயலில் இறங்கக்கூடிய செயின் வண்டிகள் பருவத்தில் வெளியூர்களிலிருந்து வந்து, ஓர் ஊரில் சில நாள் தங்கி, வேலை முடித்து அடுத்த ஊருக்குச் செல்கின்றன. வண்டி தம் ஊரில் இருக்கும்போதே அறுத்தாக வேண்டும். அது போய்விட்டால் திரும்பி வருவது உறுதியன்று. மழை வரும் என்ற அறிவிப்பு வந்துவிட்டால், சற்றுப் பச்சையாக உள்ள கதிரும் சேர்த்தே அறுக்கப்படும். இவ்வாறு அறுத்த நெல்லில் 20, 22 விழுக்காடு ஈரம் இருப்பது இயல்பே.

இதன் விளைவை ஒரு சிறு கணக்கால் விளக்கலாம். ஏக்கருக்கு 60 சிப்பம் விளைச்சல் என்று கொள்வோம். ஒரு கொள்முதல் நிலையம் தடையின்றி இயங்கும் நாளில் ஏறக்குறைய ஆயிரம் சிப்பம் வாங்கும் என்றும் கொள்வோம். அப்படியானால் ஒரு நாளைக்கு அது ஏற்கக்கூடியது பதினாறு ஏக்கர் விளைச்சல். ஓர் இயந்திரம் ஒரு மணி நேரத்தில் ஏறத்தாழ ஓர் ஏக்கர் அறுத்துத் தள்ளுகிறது. இரண்டு இயந்திரங்கள் ஓர் ஊருக்குள் வந்துவிட்டால், நிலையத்தின் ஒரு நாள் திறனை அவை ஒரே பகலில் தாண்டிவிடும். நான்கு வந்தால் சொல்ல வேண்டியதில்லை. பருவத்தில் மாவட்டத்தில் நூற்றுக்கணக்கான நிலையங்கள் திறக்கப்பட்டாலும் ஒவ்வொன்றின் வாசலிலும் வரிசை நீளுவதன் காரணம் இதுவே. அறுப்பு இயந்திரத்தின் வேகத்தில் நடக்கிறது. எடைபோடுதலும் சாக்குத் தைத்தலும் தூக்கி அடுக்குதலும் மனிதக் கையின் வேகத்திலேயே நிற்கின்றன.

பதினேழு விழுக்காடு

மத்திய அரசு வகுத்துள்ள தர விதியின்படி நெல்லின் ஈரப்பதம் 17 விழுக்காட்டுக்கு மேல் இருத்தல் கூடாது. நாடு முழுவதற்கும் விதி ஒன்றே. வறண்ட காற்று வீசும் வடமேற்கு மாநிலங்களின் அறுவடைக்கு இது பொருந்தலாம். பருவமழையின் நடுவே அறுக்கும் காவிரிக் கடைமடைக்கு இது ஒவ்வோர் ஆண்டும் விதிவிலக்குக் கேட்க வேண்டிய விதியாக இருக்கிறது. 2022 அக்டோபரில் 19 விழுக்காடு வரைக்கும், 2023 பிப்ரவரி தொடக்கத்தில் பெய்த பருவந்தவறிய மழைக்குப் பின் 20 விழுக்காடு வரைக்கும் தளர்வு அளிக்கப்பட்டது. 2025 அக்டோபரில் 22 விழுக்காடு வரை தளர்த்தும்படி மாநில அரசு கேட்டது. மத்தியக் குழுவினர் வந்து நெல் மாதிரிகளை எடுத்துச் சென்றனர். இத்தகைய நடைமுறையில் ஒரு குறைபாடு உள்ளது. கோரிக்கை எழுதப்பட்டு, குழு வந்து, மாதிரி ஆய்வு செய்யப்பட்டு, ஆணை பிறப்பதற்கு வாரங்கள் ஆகின்றன. தளர்வு வேண்டியவர் பலர் அதற்குள் நெல்லை விற்றிருப்பார்கள். ஆணையினால் பயன் அடைவோர், அதுவரை நெல்லை வைத்திருக்க முடிந்தவர்களே.

ஈரம் என்பது வெறும் சாக்குப்போக்கு என்றும் சொல்வதற்கில்லை. 22 விழுக்காடு ஈரமுள்ள 100 கிலோ நெல்லை 17 விழுக்காட்டுக்கு உலர்த்தினால் எஞ்சுவது ஏறக்குறைய 94 கிலோ. ஆறு கிலோ நீராகப் போய்விடுகிறது. ஈர நெல்லை அப்படியே மூட்டையாக அடுக்கினால் உட்புறம் வெப்பமேறி அரிசி பழுப்பாகும். ஆகவே யாராவது ஒருவர் அந்த நீரை வெளியேற்றியே தீர வேண்டும். அந்த ஆறு கிலோ இழப்பையும் யாராவது ஒருவர் ஏற்றே தீர வேண்டும். கேள்வியெல்லாம், அவர் யார் என்பதே. இப்போதைய முறையில் அது முழுமையாக உழவர் தலையில் விழுகிறது. உலர்த்துவதற்கு அவரிடம் இருப்பதோ தார்ச்சாலையின் ஓரம். காலையில் பரப்பி, மாலையில் அள்ளி, இரவில் படுதா போர்த்தி, மழை நின்றால் மீண்டும் பரப்பி, இப்படிச் செல்லும் ஒவ்வொரு நாளுக்கும் ஆள் கூலி உண்டு. காவல் இருப்பதற்கு வீட்டில் ஒருவர் வேலையை விட வேண்டும். நெல் வாசலில் வந்து சேர்ந்த பின்னும் நிலையத்தின் முறை வருவதற்கு நாளாகும். முறை வந்த அன்று காலையில் தூறல் விழுந்தால், ஈரம் அளக்கும் கருவி மீண்டும் 18ஐக் காட்டும்.

ஆமோஸ் தீர்க்கதரிசி கண்டித்த வணிகர், மரக்காலைச் சிறிதாக்கி எடைக்கல்லைப் பெரிதாக்கினர் என்று படிக்கிறோம். ஓய்வுநாள் எப்போது கழியும், எப்போது தானியம் விற்கலாம் என்று பொறுமையிழந்து காத்திருந்தவர்களும் அவர்களே. திருவாரூரில் மின்னணுத் தராசு உண்டு. விலைப்பலகை எழுதித் தொங்கவிடப்பட்டுள்ளது. பணம் நேரே வங்கிக் கணக்குக்குச் செல்கிறது. அளவையின் பொய்யைத் தடுப்பதற்கு இவ்வளவு ஏற்பாடு செய்த பின்னும், காத்திருப்பின் சுமை விற்பவர் பக்கமே தங்கிவிட்டது. கூலியையும் விலையையும் மட்டுமே நீதியின் அளவுகோலாகக் கொண்டு பழகிய நமக்கு இது சற்றுப் புதிய வகை அநீதி. எந்தத் தனி மனிதரையும் நோக்கி எளிதில் விரல் நீட்ட முடியாதது.

நிலையத்தின் உள்ளே

கொள்முதல் நிலையங்களை நடத்துவது 1972இல் தொடங்கப்பட்ட தமிழ்நாடு நுகர்பொருள் வாணிபக் கழகம். நிலையத்தில் இருப்போர் பட்டியல் எழுத்தர், உதவுபவர், காவலர், சுமைப்பணித் தொழிலாளர் ஆகியோர். இவர்களில் பலர் பருவகாலப் பணியாளர்; பருவம் முடிந்தால் வேலை இல்லை. மூட்டைக்கு இவ்வளவு என்று பணம் கேட்கப்படுகிறது என்னும் புகார் பல ஆண்டுகளாகச் செய்திகளில் வருவதை வாசகர் அறிவர். அதனை நியாயப்படுத்துவதற்கில்லை. ஆயினும் அதன் வேர் எங்கே இருக்கிறது என்பதை நோக்க வேண்டும். வாங்கிய நெல் திறந்த வெளியில் அடுக்கப்பட்டு, லாரி வரும்வரை கிடக்கிறது. வெயிலில் கிடந்தால் ஈரம் மேலும் இறங்கி எடை குறைகிறது; மழையில் கிடந்தால் கெடுகிறது. அவ்வாறு குறையும் எடைக்கான தொகை தங்களிடம் பிடித்தம் செய்யப்படுகிறது என்பது பணியாளர் சங்கங்கள் நெடுங்காலமாகக் கூறிவரும் குறை. லாரி வரத் தாமதமானதால் நேர்ந்த இழப்பைப் பட்டியல் எழுத்தர்மேல் சுமத்தினால், அவர் அதை வாசலில் நிற்பவர்மேல் இறக்கி வைக்கிறார். சங்கிலியின் கடைசிக் கண்ணியில் நிற்பவருக்கு இறக்கி வைக்க வேறு ஆள் இல்லை.

லாரி ஏன் தாமதிக்கிறது? கிடங்கு நிறைந்திருப்பதாலும், அரவை ஆலைகள் எடுத்துக்கொள்ளாததாலும், நீடாமங்கலம், மன்னார்குடி, திருவாரூர் நிலையங்களிலிருந்து வெளி மாவட்டங்களுக்குச் செல்லும் சரக்கு இரயில் பெட்டிகள் போதிய அளவில் வாராததாலும். 2025இல் இவற்றோடு செறிவூட்டப்பட்ட அரிசியைக் கலப்பதற்கான அனுமதித் தாமதமும் சேர்ந்துகொண்டதாகக் கூறப்பட்டது; மத்திய, மாநில அரசுகள் ஒன்றை ஒன்று குறை கூறின. அரவை ஆலையில் கலக்க வேண்டிய ஒரு பொருளைப் பற்றிய கோப்பு எங்கோ ஒரு மேசையில் நின்றதால், குடவாசலில் ஒருவருடைய நெல் முளைத்தது என்றால், கேட்பவர் நம்பத் தயங்குவர். ஆனால் ஆலை எடுக்காவிட்டால் கிடங்கு காலியாகாது. கிடங்கு காலியாகாவிட்டால் நிலையம் வாங்காது. நிலையம் வாங்காவிட்டால் குவியல் சாலையிலேயே கிடக்கும்.

இந்த இடத்தில்தான் தனியார் வியாபாரி வருகிறார். அவர் ஈரத்தைக் கண்டு திருப்பி அனுப்புவதில்லை, சிட்டா கேட்பதில்லை, சாலையோரத்திலேயே எடை போட்டு ஏற்றிக்கொண்டு, ரொக்கமும் தருகிறார். காங்கேயம் போன்ற ஊர்களின் அரிசி ஆலைகளுக்கு அந்நெல் செல்லும். அவர் பேசுவது பெரும்பாலும் 60 கிலோ மூட்டைக் கணக்கில். அரசு விலைப்படி அம்மூட்டை 1,500 ரூபாய் பெற வேண்டும். அவர் 1,150 ரூபாய் தருவதாகக் கொள்வோம். ஈர எடைக்குக் கழிவு கழித்துப் பார்த்தாலும் ஒரு மூட்டையில் 260 ரூபாய் அளவுக்கு இழப்பு. காத்திருக்க இயலாமையின் விலை அது. வியாபாரியைக் கொடியவராகச் சித்திரிப்பது எளிது. உழவரின் அவசரத்தை வாங்கிக்கொண்டு, கொட்டகையும் உலர்த்தும் வசதியும் உடைய தம் நிதானத்தை அவர் விற்கிறார் என்பதே உண்மைக்கு நெருக்கமானது.

பெயர் இல்லாத உழவர்

இதுவரை கூறியவை நிலத்துக்கு உரியவருக்கும் குத்தகைக்காரருக்கும் பொது. குத்தகைக்காரருக்கு மட்டும் உரிய சிக்கல் வேறொன்று உண்டு. அதுவே எல்லாவற்றிலும் கடியது என்று நான் கருதுகிறேன்.

கொள்முதல் நிலையத்தில் நெல் போடுவதற்குச் சிட்டாவும், இன்ன புல எண்ணில் இன்னார் இன்ன பயிர் செய்துள்ளார் என்று கிராம நிர்வாக அலுவலர் தரும் அடங்கல் சான்றும் வேண்டும். அண்மை ஆண்டுகளில் இணையவழிப் பதிவும் சேர்ந்துள்ளது. வெளி மாவட்ட வியாபாரிகள் நெல்லைக் கொண்டுவந்து உழவர் பெயரில் விற்றுவிடாமல் தடுப்பதற்கு இவை தேவையே. ஆனால் இம்மாவட்டத்தில் நிலத்தின் கணிசமான பகுதி கோயில்களுக்கும் மடங்களுக்கும் அறக்கட்டளைகளுக்கும், வெளியூரில் குடியேறிவிட்டவர்களுக்கும் உரியது. உழுபவர் வேறு; பட்டாவில் உள்ள பெயர் வேறு. சட்டம் குத்தகைக்காரரை மறந்துவிடவில்லை. 1952இல் தஞ்சைப் பண்ணையாள் பாதுகாப்புச் சட்டமும், 1955இல் சாகுபடிக் குத்தகைதாரர் பாதுகாப்புச் சட்டமும், 1956இல் நியாயக் குத்தகைச் சட்டமும், 1969இல் குத்தகை உரிமைப் பதிவேட்டுச் சட்டமும் வந்தன. பதிவு செய்த குத்தகைக்காரரை எளிதில் வெளியேற்ற முடியாது என்ற நிலை ஏற்பட்டதும், பின்வந்த நிலத்துக்காரர் பலர் குத்தகையை எழுத்தில் வைப்பதையே விட்டுவிட்டனர். இன்று ஆண்டுக்காண்டு, சில வேளை போகத்துக்குப் போகம், வாய்மொழியாகப் பேசி மாவுக்கு இவ்வளவு என்று விடும் குத்தகையே பெரும்பான்மை. பாதுகாப்புக்காக வந்த சட்டம், எழுத்துக்கு வெளியே ஒரு பெருங்கூட்டத்தை உண்டாக்கிவிட்டது.

இவ்வாறு எழுத்துக்கு வெளியே நிற்கும் குத்தகைக்காரர் நிலையத்தில் நெல் போட வேண்டுமாயின், நிலத்துக்காரரின் இசைவு வேண்டும். சில வேளை நிலத்துக்காரரின் வங்கிக் கணக்குக்கே பணம் போகும். கூட்டுறவுச் சங்கப் பயிர்க்கடன், பயிர்க் காப்பீடு, வெள்ள நிவாரணம் ஆகிய யாவும் அதே தாளைப் பின்பற்றியே செல்கின்றன. 2021இல் கூட்டுறவுப் பயிர்க்கடன் தள்ளுபடி அறிவிக்கப்பட்டபோது, அச்சங்கத்தில் கடன் பெறவே வழியில்லாதவருக்குத் தள்ளுபடியால் ஒன்றும் நேரவில்லை. அவர் வாங்கியிருப்பது உரக்கடையில் கடன். மனைவி பெயரில் நுண்நிதி நிறுவனத்தின் வாரத் தவணைக் கடன். வாரத் தவணைக்காரர் நெல் உலரும்வரை காத்திரார். முன்பு நாம் கண்ட காத்திருப்பின் சிக்கல் இங்கே இரு மடங்காகிறது. நெல்லைப் பிடித்து வைக்க இவருக்குக் களமும் இல்லை. கடனைத் தள்ளிப்போடத் தவணையும் இல்லை. வரிசையில் நிற்பதற்குத் தம் பெயரும் இல்லை.

ஆதரவு விலையைக் கணக்கிடும் முறையிலும் இவர் கரைந்துபோகிறார். எம்.எஸ். சுவாமிநாதன் தலைமையில் 2004 முதல் 2006 வரை செயற்பட்ட தேசிய உழவர் ஆணையம், உற்பத்திச் செலவுக்கு மேல் குறைந்தது 50 விழுக்காடு சேர்த்து விலை தர வேண்டும் என்று பரிந்துரைத்தது. 2018 முதல் ஒன்றரை மடங்கு விலை தரப்படுவதாக அரசு கூறுவது, கைச்செலவையும் குடும்ப உழைப்பையும் கூட்டிய தொகையின்மேல். சொந்த நிலத்துக்குக் கணிக்கப்படும் வாடகை அதில் சேராது. கொடுத்த குத்தகை அதில் சேரும். ஆனால் குத்தகையே கொடாத பல்லாயிரவரோடு சேர்த்துச் சராசரி எடுக்கும்போது அது ஒரு சிறு தொகையாகிவிடும். போகத்தில் பெரும் பங்கைக் குத்தகையாக அளக்கும் திருவாரூர்க் குத்தகைக்காரருக்கு அந்தச் சராசரி எதையும் சொல்வதில்லை. சுவாமிநாதன் பிறந்த கும்பகோணம் இம்மாவட்ட எல்லையிலிருந்து தொலைவில் இல்லை என்பதை நினைக்கையில் இது சற்று உறுத்துகிறது.

பருத்தியும் உளுந்தும்

நெல்லை மட்டும் நம்பாமல் வேறு பயிருக்கு மாறலாமே என்பது படித்தவர் பலர் கூறும் அறிவுரை. இம்மாவட்ட உழவர் அதைச் செய்யாமல் இல்லை. சம்பா அறுப்புக்கு முன்பே, வயலின் ஈரத்தில் உளுந்தையும் பயறையும் தெளித்துவிடுவது பழைய வழக்கம். உழவுச் செலவில்லாமல் கிடைக்கும் வருவாய். அறுவடை இயந்திரத்தின் சக்கரம் அந்த இளஞ்செடிகளை நசுக்குவதால் இவ்வழக்கம் குறைந்துவருகிறது. 2021 மே முதல் உளுந்தின் இறக்குமதிக்குக் கட்டுப்பாடு நீக்கப்பட்டுத் தொடர்ந்து நீட்டிக்கப்பட்டதும், மியன்மாரிலிருந்து பெருமளவில் சரக்கு வருவதும் விலையை அழுத்துகின்றன.

கோடையில் பருத்தி இட்டவர் பலர். அதற்கு அரசு கொள்முதல் நிலையம் இல்லை. ஒழுங்குமுறை விற்பனைக் கூடத்தில் நடக்கும் மறைமுக ஏலமே வழி. 1933இல் சென்னை மாகாணத்தில் வணிகப் பயிர்ச் சந்தைச் சட்டம் வந்து, 1936இல் திருப்பூரில் முதல் ஒழுங்குமுறைக் கூடம் அமைந்தது பருத்திக்காகவே. அக்கூடங்களில் எடை நேர்மையாக இருக்கும். விலைக்கு அவை பொறுப்பேற்பதில்லை. 2022இல் பருத்தி குவிண்டாலுக்கு 10,000 ரூபாயைத் தாண்டி விற்றது. அதைக் கண்டு அடுத்த ஆண்டு கூடுதலாகப் பயிரிட்டபோது விலை பெரிதும் வீழ்ந்தது. 2025 ஆகஸ்டில் நூற்பாலைகளின் நலன் கருதிப் பஞ்சு மீதான 11 விழுக்காடு இறக்குமதித் தீர்வை ஆண்டு முடிவு வரை நிறுத்திவைக்கப்பட்டது. இந்தியப் பருத்திக் கழகம் இங்குள்ள ஏலங்களில் பங்குகொள்ள வேண்டும் என்பது உழவரின் தொடர்ந்த கோரிக்கை. நெல்லுக்கு அரசு வாசல் இருக்கிறது, அதில் நிற்க நேரமில்லை. பருத்திக்கு அவ்வாசலும் இல்லை. எனவே துன்பம் தெரிந்திருந்தும் உழவர் நெல்லுக்கே திரும்புகின்றனர். இதனைப் பழமைப் பிடிப்பு என்று கூறுவது தவறான கணிப்பு.

பாரம்பரிய நெல்லைப் பற்றியும் ஒரு சொல். திருத்துறைப்பூண்டியை அடுத்த ஆதிரெங்கத்தில் நெல் திருவிழாக்களை நடத்தி, நூற்றுக்கும் மேற்பட்ட பழைய ரகங்களை மீட்டெடுத்த நெல் ஜெயராமன் 2018இல் மறைந்தார். அவர் பணியால் மாப்பிள்ளைச் சம்பாவும் கருப்புக் கவுனியும் நகரக் கடைகளில் நல்ல விலை பெறுகின்றன. ஆனால் அந்நெல்லை உலர்த்தி, மாதக் கணக்கில் இருப்பு வைத்து, சிறு சிறு அளவில் அரைத்து விற்கக்கூடியவருக்கே அவ்விலை. இங்கும் காலத்தையும் இடத்தையும் உடையவரே வெல்கிறார்.

காத்திருப்பதற்கு வழி

விளைபொருளைக் கிடங்கில் வைத்து அதன்பேரில் கடன் பெறும் பொருளீட்டுக் கடன் ஒழுங்குமுறை விற்பனைக் கூடங்களில் உண்டு. காத்திருக்கும் வலிமையை உழவருக்கு அளிக்கும் சிறந்த கருவி இதுவே. ஆனால் உலர்ந்த நெல்லையே அடகாக ஏற்பார்கள். ஆகவே உலர்த்தும் வசதி முதலில் வராமல் இக்கடனால் குறுவை உழவருக்குப் பயன் இல்லை. கூரையிட்ட களமும், ஊர் ஊராகச் செல்லக்கூடிய உலர்த்தும் இயந்திரமும் கொள்முதல் நிலையத்தோடு இணைய வேண்டும். ஈர நெல்லை எடைக் கழிவோடு வாங்கி, உலர்த்தும் பொறுப்பை வாங்குபவரே ஏற்க வேண்டும். 22 விழுக்காட்டு நெல்லுக்கு ஆறு கிலோ கழிப்பது நேர்மையான கணக்கு. ஆறு நாள் சாலையில் நிறுத்துவது அப்படிப்பட்டதன்று. 2022 முதல் கொள்முதல் பருவம் அக்டோபர் 1க்கு மாறாகச் செப்டம்பர் 1இல் தொடங்கியது குறுவைக்கு உண்மையாகவே உதவியது. விதியை மாற்ற முடியும் என்பதற்கு அது சான்று.

குத்தகைக்காரரின் பெயரை எழுத்தில் கொண்டுவருவது இவற்றைவிடக் கடினமானது. குத்தகை உரிமையோடு முடிச்சுப் போடாமல், இப்பருவத்தில் இந்நிலத்தைச் சாகுபடி செய்பவர் இவர் என்ற அளவில் மட்டும் ஒரு சான்று வழங்கினால் நிலத்துக்காரரின் அச்சம் குறையும் என்று சிலர் கூறுகின்றனர். அவ்வாறு செய்தால் 1969ஆம் ஆண்டுச் சட்டம் வெறும் தாளாகிவிடும் என்று வேறு சிலர் அஞ்சுகின்றனர். இரு வாதமும் எளிதில் தள்ளக்கூடியவை அல்ல. என் கருத்தில், நெல் விற்கவும் நிவாரணம் பெறவும் இன்று வழியில்லாதவருக்கு முந்தியதே உடனடித் தேவை.

டெல்டாவின் கிராமச் சபைகளில் பணியாற்றும் ஆயர்கள், யார் நிலத்தை யார் உழுகிறார் என்பதை வருவாய்த் துறைப் பதிவேடுகளைவிட நன்கு அறிந்தவர்கள். அறுப்பின் பண்டிகைக்கு நெல் மூட்டை கொண்டுவருபவர் அதைச் சொந்த நிலத்திலிருந்து கொண்டுவருகிறாரா, குத்தகை அளந்த மிச்சத்திலிருந்து கொண்டுவருகிறாரா என்பது அவர்களுக்குத் தெரியும். மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் மாதந்தோறும் விவசாயிகள் குறைதீர் கூட்டம் நடைபெறுகிறது. பாசனம், உரம், கொள்முதல் ஆகிய யாவும் அங்கே பேசப்படுகின்றன. அதிகாரிகள் பதில் கூறக் கடமைப்பட்டவர்கள். ஆனால் அடங்கலில் பெயர் இல்லாத குத்தகைக்காரர் அங்கே எழுந்து பேசுவது அரிது. தம் குறையைச் சொல்லத் தொடங்கினால் எந்தப் புல எண், யாருடைய நிலம் என்று கேட்பார்கள். நிலத்துக்காரரின் பெயர் அங்கே வெளிப்பட்டுவிட்டால், அடுத்த போகத்திற்கு அந்நிலம் வேறொருவர் கைக்குப் போய்விடும்.